'டு' வந்தாலே வினையடியா?



நண்பனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னால் நம் மாணவர் பலர் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்றே முடிக்கின்றனர். சந்தையில் விற்கும் பயிற்சி நூல்களிலும் இதே தொடரைக் கண்டிருக்கிறேன். பெற்றோருக்குச் செல்லும் சுற்றறிக்கைகளிலும் இது உலா வருகிறது. இது பிழை. 'டு மீட்டிங் யூ' என்பதே சரி.

சுட்டிக்காட்டினால், "'டு'வுக்குப் பின் வினையடிதானே வரவேண்டும்?" என்று ஆசிரியர்களே கேட்கிறார்கள். அது அரை விதி. அரை விதியை முழு விதியாகக் கற்பித்ததன் விளைவுதான் இப்பிழை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மாதிரி விடையை மனனம் செய்யும் வழக்கமோ நீங்கவில்லை.

இதை விளக்கத் தமிழைவிடச் சிறந்த கருவி இல்லை என்பேன். 'உங்களைச் சந்திக்க விரும்புகிறேன்' என்கிறோம், 'சந்திக்க' வினையெச்சம். ஆங்கிலத்தில் 'வான்ட் டு மீட்'. ஆனால் 'உங்களைச் சந்திக்க எதிர்நோக்குகிறேன்' என்று எந்தக் குழந்தையாவது சொல்லுமா? 'சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்' என்றுதான் சொல்லும். வினை அங்கே பெயராகி, இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்று நிற்கிறது. ஆங்கிலத்திலும் அதுவே நிகழ்கிறது: 'மீட்டிங்' பெயர்த்தன்மை பெற்ற சொல், அதன் முன்னுள்ள 'டு' நம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. ஐயமிருந்தால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்' பொருந்துகிறது. 'வான்ட் டு த ஹாலிடேஸ்' பொருந்தவில்லை அல்லவா?

எல்லா இடத்திலும் தமிழ் இப்படிக் கைகொடுக்காது. 'ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்' என்பதை நாம் 'நடந்து பழகிவிட்டேன்' என வினையெச்சத்தால் சொல்கிறோம். அங்கே பெயர்ச்சொல் சோதனைதான் துணை: 'யூஸ்ட் டு த ஹீட்'. முன்பு நடப்பது வழக்கம் என்னும் பொருளில் வரும் 'ஐ யூஸ்ட் டு வாக்' முற்றிலும் வேறு. அதில் வினையடியே சரி.

இத்தனையும் சொன்ன பிறகும், "ஆங்கில வகுப்பில் தமிழ்ச் சொல் ஒன்றுகூட ஒலிக்கக் கூடாது" என்று கட்டளையிடுவோர் உள்ளனர். "தமிழிலக்கணம் எதற்கு, அந்த நேரத்தில் ஆங்கிலம் படிக்கட்டுமே" என்னும் பெற்றோரும் உள்ளனர். அவர்களைக் கேட்கிறேன்: வினையெச்சத்தையும் தொழிற்பெயரையும் பிரித்தறியும் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் விளங்குவதை, அந்த அறிவைப் பூட்டிவைத்துவிட்டு எத்தனை பயிற்சித் தாள்களால் புகட்டப் போகிறீர்கள்? வகுப்பு முழுதும் தமிழில் நடக்கட்டும் என்று நான் வாதாடவில்லை. ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கான அழைப்பு இந்நேரம் தட்டச்சாகிக்கொண்டிருக்கும். அச்சுக்குப் போகுமுன் அதன் கடைசி வரியை யாராவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.