பத்துப் பேருக்கு ஒரு மேசை

அக்டோபர் விழாவைப் பார்க்காமல் திரும்பி வருவதற்கு உறுதியான வழி ஒன்று உண்டு: நண்பர்களோடு கூட்டமாகத் திட்டம் போட்டுக்கொண்டு அங்கே போவது. கோபப்படுவோர் இருப்பார்கள் என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன். மியூனிக்கில் செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடியும் அந்த விழாவுக்கு 2023இல் 72 லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் அந்நகரத்தாரும் பவேரிய மாநிலத்தாரும்தான். அந்நிய நாட்டிலிருந்து விமானமேறி வருகிற நாம், ஊரே கூடியிருக்கும் ஒரு மைதானத்துக்குள் போகிறோம். போய் என்ன செய்கிறோம் என்பதே என் சண்டை.

அண்மையில் ஒரு நண்பர் குழு தயாரித்த பயணத் திட்டத்தைப் பார்க்க நேர்ந்தது. ஐரோப்பாவின் நான்கைந்து நகரங்களில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழர்கள் பத்துப் பேர். எந்த விமானம், எந்த விடுதி, அறைக்கு எத்தனை பேர், வாடகைத் தோல் காற்சட்டையின் இடுப்பளவு என்ன, யார் எத்தனை குவளை குடிக்கக்கூடும், படம் எடுக்கவேண்டிய இடங்கள் எவை என்று எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. குழுவின் பெயர் பொறித்த பனியன்கள் வேறு. அந்தக் கட்டங்களில் காணாமற்போனது ஒன்றுதான்: அந்தப் பத்துப் பேரைத் தவிர்த்த பதினோராவது மனிதன்.

அங்கே மேசை கிடைக்கும் முறையை அறிந்தால் இந்தக் குறை தற்செயலானதன்று என்பது விளங்கும். மைதானத்துக்குள் நுழையக் கட்டணமில்லை. ஆனால் பெரிய கூடாரங்களில் இருக்கை உள்ளவருக்கே பியர் ஊற்றப்படும். எட்டுப் பேர் அல்லது பத்துப் பேர் கொண்ட முழு மேசையாகத்தான் முன்பதிவு நடக்கிறது. பதிவுக்கென்று தனிக் காசு கிடையாது. தலைக்கு இரண்டு லிட்டர் பியர், அரைக் கோழி என்பதுபோல உணவுச் சீட்டுகளை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். 2025இல் ஒரு லிட்டர் குவளையின் விலை 14.50 யூரோவிலிருந்து 15.80 யூரோ வரை இருந்தது. இந்த வரிசையில் நிற்கப் பொறுமையற்ற கூட்டங்களுக்காகவே ஒரு கள்ளச்சந்தை பிறந்திருக்கிறது. அங்கே ஒரு மாலைப்பொழுது மேசை ஆயிரக்கணக்கான யூரோவுக்குக் கைமாறுகிறது. ஆக்சன்பிராட்டெரை என்னும் கூடாரத்தார் இத்தகைய இணைய விற்பனையாளர் ஒருவர்மீது வழக்குத் தொடுத்து, 2021இல் மியூனிக் நீதிமன்றத்தில் வென்றார்கள். சந்தை அதனால் ஓய்ந்துவிடவில்லை. வாங்குவதற்கு நம் பத்துப் பேர் இருக்கும்வரை விற்பதற்கும் ஆள் இருக்கத்தானே செய்வான்?

நகராட்சி இதையும் யோசித்திருக்கிறது. இடத்தில் ஒரு பங்கை முன்பதிவு இல்லாமல் வருவோருக்காக ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது விதி. வார நாட்களில் கால்பங்கு. சனி, ஞாயிறுகளில் பிற்பகல் மூன்று மணிவரை பாதி. அந்தக் கால்பங்குதான் என்னைப் பொறுத்தவரை விழா. அங்கே நீள் பெஞ்சின் ஓரத்தில் நின்று, இங்கே இடம் காலியா என்று கேட்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு கிழவர் சற்று நகர்ந்து கொடுப்பார். மியூனிக்கின் பியர்த் தோட்டங்களில் இரண்டு நூற்றாண்டாக இருந்துவரும் பழக்கம் இது. 1812இல் அரசர் முதலாம் மாக்ஸ் யோசஃப், மதுவடிப்போர் தங்கள் நிலவறைகளிலேயே பியர் விற்கலாம், ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக்கூடாது என்று ஆணையிட்டார். மக்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து மரநிழலில் அமர்ந்தார்கள். நம் ஊர்த் தேர்த்திருவிழாவில் புளியோதரைப் பொட்டலத்தோடு ஆற்றங்கரையில் அமர்கிறோமே, ஏறக்குறைய அதுதான். அமரும் இடத்துக்கு அங்கே யாரும் பெயர் எழுதி வைத்ததில்லை.

இலக்கியம் வாசிப்பவர்களுக்கு இதை விளக்க என்னிடம் ஒரு நாடகம் இருக்கிறது. ஓடன் ஃபொன் ஹோர்வாத் எழுதி 1932 நவம்பரில் லைப்சிக்கில் முதன்முதலாக மேடையேறிய ‘காசிமிர் உண்ட் கரோலினே’. முழு நாடகமும் அக்டோபர் விழா மைதானத்தில் ஒரே மாலையில் நடக்கிறது. பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த காலம். காசிமிர் வண்டியோட்டி, வேலை இப்போதுதான் போயிருக்கிறது. அவன் காதலி கரோலினேவுக்கோ, அந்த ஒரு மாலையாவது சிரித்துக் களிக்க வேண்டும் என்ற ஆசை. வானத்தில் ஒரு செப்பலின் பறக்கிறது. எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். காசிமிருக்கு அது மேலே மிதக்கும் முதலாளிகளையும் கீழே பட்டினி கிடப்போரையும் நினைவூட்டுகிறது, கசந்துகொள்கிறான். கரோலினே பக்கத்தில் நின்ற ஒரு துணி வெட்டும் தொழிலாளியோடு பேச்சுக் கொடுக்கிறாள். அவ்வளவுதான், இருவர் வாழ்வும் இரண்டாகப் பிரிந்துபோகிறது. அந்தத் தொழிலாளியின் முதலாளியே வந்து சேர்கிறார். நீதிமன்றப் பெரிய மனிதர் ஒருவரும் வருகிறார். அன்றாடத்தில் ஒரே அறைக்குள் நிற்கவியலாத மனிதர்கள் இங்கே தோள் உரசுகிறார்கள். யார் யாரை விலைக்கு வாங்குகிறார் என்பதைப் பார்வையாளன் பதற்றத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். காசிமிரும் கரோலினேவும் எட்டு நண்பர்களோடு மேசை போட்டு அமர்ந்திருந்தால் ஹோர்வாத்துக்கு எழுதுவதற்கு என்ன இருந்திருக்கும்? சீட்டுக் கணக்குத்தான்.

அந்நியரோடு கலப்பது ஆபத்தில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் வுல்ஃப் 1928இல் இதே விழாவில் ஒரு கைகலப்பில் சிக்கி, மண்டை உடைந்து மருத்துவமனையில் கிடந்தார். பின்னாளில் அவ்விழாவைப் பற்றி எழுதவும் செய்தார். (அடிபட எல்லாரும் வுல்ஃப் ஆகிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

இன்னொரு சாராரும் உண்டு. ‘விழா வணிகமாகிவிட்டது, அசல் போய்விட்டது’ என்று உதடு பிதுக்குபவர்கள். இவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எந்த அசல்? 1810இல் பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் நடந்த திருமணத்தை ஒட்டி ஒரு குதிரைப் பந்தயமாகத் தொடங்கியது இது. கூடாரத்தில் மணிக்கு மணி பாடப்படும் ‘ஐன் ப்ரோசிட்’ பாட்டுக்கு இசையமைத்தவர் பவேரியரே அல்லர், சாக்சனியின் கெம்னிட்ஸ் நகரத்துக்காரர். பரம்பரை உடை என்று நாம் வாடகைக்கு எடுக்கும் தோல் காற்சட்டை இந்த மைதானத்தில் பெருங்கூட்டத்தின் சீருடையானது கடைசிச் சில பத்தாண்டுகளில்தான். பியர் கொடுக்கும் உரிமை பெற்ற ஆறு மியூனிக் ஆலைகளில் ஸ்பாட்டனும் லோவன்பிராவும் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கையில். இவையெல்லாம் உண்மை. ஆனாலும் பெஞ்சில் நகர்ந்து இடம் தருகிற கிழவர் இன்னும் இருக்கிறார்.

திட்டத்தாளில் படம் எடுக்க வேண்டிய இடமாக முதலில் குறிக்கப்பட்டிருந்தது பிரதான வாயில். 1980 செப்டம்பர் 26 இரவு அந்த வாயிலருகே ஒரு குப்பைத்தொட்டியில் வைக்கப்பட்ட குண்டு வெடித்தது. வைத்தவனையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். வீடு திரும்பிக்கொண்டிருந்த சாமானியர்கள் அவர்கள். குண்டு வைத்தவன் தீவிர வலதுசாரிக் குழு ஒன்றோடு தொடர்பிருந்த மாணவன். எனினும் சொந்த விரக்தியால் தனியாளாகச் செய்தான் என்று சொல்லி 1982இல் விசாரணை மூடப்பட்டது. ஒரு பத்திரிகையாளரும் பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞரும் விடாமல் போராடியதன்பேரில் 2014இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. அது வலதுசாரித் தீவிரவாதச் செயல்தான் என்று அரசுத் தரப்பு கூறியது 2020இல், நாற்பது ஆண்டுகள் கழித்து. குண்டு வெடித்த மறுநாளே விழா திறக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே மறதிக்கு வெளியூர்க்காரனை மட்டும் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆனால் வாயிலின் அருகிலேயே நினைவுச் சின்னம் இருக்கிறது. 2020 முதல் ஆவணக் காட்சியும் இருக்கிறது. பனியன் தெரியப் பத்துப் பேரும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கும் அவசரத்தில் அதற்கு முதுகைக் காட்டி நிற்பதை எப்படிச் சகிப்பது?

கூட்டமாகப் போவதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றை மட்டும் மதிக்கிறேன்: பெண்களின் பாதுகாப்பு. குடிபோதை மிகுந்த அந்த இடத்தில் இது கற்பனை அச்சமன்று. பெண்களுக்கென்றே உதவி முகாம் ஒன்று 2003 முதல் அங்கே இயங்கிவருவதே சான்று. துணையோடு போங்கள். துணைக்குப் பத்துப் பேர் தேவையில்லை, இருவரோ மூவரோ போதும்.

‘பத்துப் பேருக்கு முன்பதிவில்லாமல் ஒன்றாக இடம் கிடைக்காதே’ என்கிறார்கள். கிடைக்காது. கிடைக்காமலிருப்பதே நல்லது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, செவ்வாய்க்கிழமை நண்பகலில், ஐந்து வெவ்வேறு பெஞ்சுகளின் ஓரங்களில் உட்காருங்கள். மாலையில் பவேரியா சிலையின் படிகளில் சந்தித்து, யாரிடம் என்ன பேசினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். நான் இதைச் சொன்னபோது திட்டத்தாள் தயாரித்த நண்பர் கேட்ட ஒரே கேள்வி, பனியன்களை என்ன செய்வது என்பதுதான்.