கடல் தாண்டுவது பனியன் மட்டும்தானா?

திருப்பூரிலிருந்து எது வேண்டுமானாலும் வெளிநாடு போகலாம், உழைக்கும் வீட்டுப் பெண்ணைத் தவிர. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை இங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. முதலாளிகள் கண்காட்சிகளுக்குப் போகிறார்கள், அவர்களின் மகன்கள் படிக்கப் போகிறார்கள். அந்த ஆடையைத் தைத்து, பிசிர் வெட்டி, மடித்து அனுப்பியவளின் மகள் பத்து நாள் கல்லூரிச் சுற்றுலா போகிறேன் என்றால் மட்டும் ஊருக்கே பாதுகாப்புப் பற்றிய கவலை வந்துவிடுகிறது.

நான் தமிழ் கற்பிக்கும் கல்லூரியில் மலேசியாவுக்கு ஒரு கல்விச் சுற்றுலா ஏற்பாடானது. ஊர் பார்ப்பதோடு, கிராமத்துக் குடும்பங்களின் வீடுகளில் தங்கி வருவதும் திட்டம். பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கடைசிப் பட்டியலில் இரண்டே பேர். பணம் சிலரைத் தடுத்தது உண்மைதான். ஆனால் கட்டணச் சலுகை கிடைத்தவர்களும் விலகினார்கள். 'யார் வீட்டிலோ போய்த் தங்குவதா?' என்பதுதான் வீடுகளில் எழுந்த கேள்வி. கல்லூரியும் தன் பங்குக்கு, தந்தையின் ஒப்புதல் கடிதத்தைப் பெண்களிடம் மட்டும் கேட்டது.

பெண்பிள்ளையை வெளியூரில் தங்கவைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதா? சுமங்கலித் திட்டம் என்ற பெயரை மறந்துவிட்டோமா? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிப் பஞ்சாலைகள், பதினைந்து பதினாறு வயதுப் பெண்களைத் தென்மாவட்டங்களிலிருந்து அழைத்து வந்து மூன்றாண்டுகள் விடுதியில் வைத்திருந்தன. தனியாக வெளியே போக முடியாது. வீட்டாரோடு பேசுவதற்கும் கட்டுப்பாடு. இரவு ஷிப்டும் உண்டு. முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை, அதுவும் இடையில் நோய்வாய்ப்பட்டுத் திரும்பியவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. 2011இல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனம் அறிக்கை வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 2021இல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். ஆலைக்குள் நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் வருவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

அப்போதெல்லாம் எங்கே போயிருந்தது இந்தப் பாதுகாப்பு? விடை எளிது. கல்யாணப் பணம் சேரும் என்றால் மூன்று வருடம் பத்திரம். கல்யாணப் பேச்சு கெடும் என்றால் பத்து நாள் ஆபத்து. அனுப்புவதையும் தடுப்பதையும் முடிவு செய்வது ஒரே கல்யாணச் சந்தைதான். அந்தப் பெண்ணின் உயிரும் உடலும் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

பண்பாடு என்று பேச வருகிறவர்களுக்கு நான் பாடம் நடத்தும் நூல்களிலிருந்தே சொல்கிறேன். கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல் நூற்பா ஒன்று. அதைப் பிடித்துக்கொள்பவர்கள், புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்றொரு துறையே இருப்பதைச் சொல்வதில்லை. ஆடுமகளான விறலியை விளித்து, இன்ன வள்ளலிடம் போ, பரிசில் பெறு என்று வழிகாட்டும் பாடல்கள் அவை. சிறுபாணாற்றுப்படையில் வழிநெடுக ஒவ்வொரு நிலத்து மக்களும் அவரவர் வீட்டு உணவைக் கொடுத்து விருந்தோம்புகிறார்கள். முன்பின் தெரியாதவர் வீட்டில் சோறுண்டு தங்குவதைக் கற்பு கெடும் காரியமாக அந்தக் கவிஞர்கள் பார்க்கவில்லை. மாணவிகள் இதைப் படித்து மதிப்பெண் வாங்கலாம், செய்து பார்க்கக் கூடாதா?

சட்டத்தில் இந்தத் தடை இல்லை. 18 வயது நிறைந்த பெண் பாஸ்போர்ட் வாங்கத் தந்தையின் சம்மதம் தேவையில்லை. 2016 டிசம்பர் முதல், விண்ணப்பத்தில் தாய் பெயரை மட்டும் குறிப்பிட்டாலும் போதும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். நடைமுறைக்கும் முன்னுதாரணம் உண்டு. 2022 நவம்பரில் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளிப் பிள்ளைகளை துபாய், ஷார்ஜாவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போனது. மாணவிகளும் போனார்கள், பத்திரமாகத் திரும்பினார்கள். மலேசியாவில் 1995 முதல் அரசுப் பதிவோடு கிராம வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கிறார்கள்.

ஆகவே கல்லூரிகளிடம் நான் கேட்பது சலுகை அல்ல. ஒப்புதல் கடிதம் கேட்டால் இருபாலரிடமும் கேளுங்கள், தாயின் கையெழுத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வளாகத்திலேயே பாஸ்போர்ட் விண்ணப்ப உதவி முகாம் நடத்துங்கள். சுற்றுலாவில் பாதி இடம் பெண்களுக்கு என்று எழுதி வையுங்கள். கல்லூரி விழா மேடைகளில் பெண் கல்வியை வாழ்த்திப் பேசும் ஏற்றுமதியாளர்களிடம் பயணச் செலவைக் கேளுங்கள்; அவர்கள் லாபத்தில் இந்தப் பெண்களுடைய தாய்மாரின் ஓவர்டைம் இருக்கிறது. போகிற ஊரில் கோபுரங்களையும் கடைவீதிகளையும் பார்த்தால் மட்டும் போதாது. அம்மா தைத்த பனியன் அங்கே என்ன விலைக்கு விற்கிறது என்று மகள் கடையில் நின்று பார்த்து வரட்டும். ஒரு பீஸுக்கு அம்மா வாங்கும் கூலி அவளுக்குத் தெரியும். கழித்துப் பார்க்கவும் தெரியும்.