ஃபயர்வோலை நிறுத்தாதீங்க, முகவரியைக் கேளுங்க

"ஃபயர்வோலை ஓஃப் பண்ணு மச்சான், எல்லாம் சரிவரும்." டொரண்ட் இறங்காட்டிலும், சிங்திங்கில கோப்பு நகராட்டிலும் எங்களுக்குள்ள சுத்துற ஒரே வைத்தியம் இதுதான். திறப்பு கிடைக்கேல்ல எண்டு வீட்டுக் கதவையே கழட்டி எறியிற வேலை. கழட்டின பிறகும் பெரும்பாலும் ஒண்டும் நகராது. ஏனெண்டால் பூட்டு எங்கட வீட்டில இல்லை.

உங்கட ரவுட்டரைத் திறந்து, அதுக்குக் கிடைச்ச ஐபி முகவரியைப் பாருங்க. அது 100.64 க்கும் 100.127 க்கும் இடையில தொடங்கினால், உங்களுக்கெண்டு தனியாக ஒரு பொது முகவரி இல்லை. கம்பனி ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டிருக்கு. வெள்ளவத்தை ஃப்ளட்ஸ் ஒண்டை யோசியுங்க. நீங்கள் வெளியே போய்வரலாம். ஆனால் உங்களைத் தேடி வாறவரை வோச்சர் கேற்றிலேயே திருப்பி அனுப்புவார், ஏனெண்டால் எந்தக் கதவு உங்கட எண்டு அவருக்குத் தெரியாது. இந்த நிலையில ரவுட்டரில போர்ட் திறந்தும் பலனில்லை.

பழைய ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனது உண்மை. ஆசிய பசிபிக் பிராந்தியத்தில 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்திட்டம். ஆனால் மாற்று இருக்கு: ஐபிவி6. அதில முகவரிக்குப் பஞ்சமே இல்லை.

"வட்ஸ்அப் வேலை செய்யுதுதானே, பிறகென்ன?" எண்டு கேட்பீங்க. கொட்டாஞ்சேனையில போய்க் கேளுங்க. 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில குண்டு வெடிச்ச அண்டைக்கே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டது. ஆர் உயிரோட இருக்கினம் எண்டு சனம் தேடின நேரம் அது. 2018 மார்ச்சில திகன வன்முறையின்போதும், 2022 ஏப்ரல் 3 போராட்ட நேரத்திலும் இதே கதைதான். மூன்று தடவையும் நாடு முழுக்க இணையம் அறுக்கப்படேல்ல. நாங்கள் எல்லாரும் சந்திக்கிற ஒருசில நடுக்கூடங்கள்தான் பூட்டப்பட்டது. அதுக்கு ஒரு உத்தரவு போதும். ஆயிரக்கணக்கான வீடுகள் நேரடியாகப் பேசினால் அப்படிப் பூட்டுறது லேசில்லை. வீபிஎன் போட்டுத் தப்பினம்தான், ஆனால் அதுவும் இன்னொருத்தர்ர கூடம்.

இணையத்தையே முழுசா அறுத்தால் இதுவும் உதவாது. அதுக்காக இருக்கிற வழியையும் விடுறதா?

ஃபயர்வோல் இருக்கட்டும், தேவையான செயலிக்கு மட்டும் அனுமதி குடுங்க. விண்டோஸில வீட்டு வைஃபை 'பொது' எண்டு பதிவாகியிருந்தால் 'தனிப்பட்ட' எண்டு மாத்துங்க. ரவுட்டரில ஐபிவி6 ஐ இயக்கிப் பாருங்க. இல்லையெண்டால் கம்பனிக்கு அடிச்சு, "ஐபிவி6 தாறீங்களா, பொது முகவரி தாறீங்களா?" எண்டு கேளுங்க. "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" எண்டு சொல்லுவினம். திரும்பவும் கேளுங்க. மாதாமாதம் காசு கட்டுறது படம் பார்க்க மட்டுமில்லை. எங்களையும் ஒருத்தர் தேடி வர வழி வேணும்.