பலகையைத் தொடுவது யார்?

பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் அம்பேத்கர் படித்தபோது நடந்தது இது. கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிடுகிறார். அவர் எழுந்ததும் வகுப்பே அல்லோலகல்லோலப்படுகிறது. சாதி இந்துப் பையன்கள் பலகையை நோக்கிப் பாய்கிறார்கள். பலகைக்குப் பின்னால்தான் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. இவர் போய்ப் பலகையைத் தொடுவதற்குள் டப்பாக்களை எடுத்துவிட வேண்டும். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

வகுப்பறையில் தொழில்நுட்பம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு இந்தப் பலகைதான் ஞாபகத்துக்கு வரும். கரும்பலகையும் ஒரு காலத்தில் புதுசாக வந்த சாமான்தான். பலகைக்குச் சாதி தெரியாது. ஆனால் நம்மூர்ப் பள்ளிக்கூடத்துக்குள் வந்து சுவரில் சாய்ந்த உடனே அதன் பின்னால் டப்பாக்கள் வந்துவிட்டன. இப்போது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, புரொஜெக்டர் வந்திருக்கிறது, தொட்டால் எழுதும் பலகை வந்திருக்கிறது. டப்பாக்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் என் கேள்வி.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு டீச்சர். வட மாவட்டத்து ஊர் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர். நம்ம ஆளு. அவர் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் தாண்டியவர் அவர்தான். நான் வேலை பார்க்கும் பேங்குக்கு ஸ்காலர்ஷிப் கணக்குத் தொடங்கப் பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு வருவார். அப்படிப் பழக்கம். நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு செல்போனில் வகுப்பு. சேரியில் என்ன நிலைமை? வீட்டுக்கு ஒரு போன். அதுவும் பட்டன் போன். அது அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்விடும். 2017-18ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 75வது சுற்றுக் கணக்குப்படி இந்தியக் கிராமங்களில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் நூற்றுக்கு 4.4. இன்டர்நெட் வசதி இருந்தவை நூற்றுக்கு 14.9. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் 'ஆன்லைன் கல்வி' என்றார்கள்.

அக்கா அப்போது ஒரு காரியம் செய்தார். பட்டன் போனிலும் மெமரி கார்டு போடுகிற ஓட்டை இருக்கும், பாட்டுக் கேட்பதற்காக. அவர் பாடங்களை அஞ்சு நிமிஷம், ஆறு நிமிஷமாகத் தன் குரலில் பேசிப் பதிவு செய்தார். ரீசார்ஜ் கடைப் பையன் அதை கார்டுகளில் ஏற்றிக்கொடுத்தான். ராத்திரி அப்பா வேலை விட்டு வந்ததும் பிள்ளைகள் போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 'செல்லுனா என்ன' என்று டீச்சர் குரல் கேட்க, போனைக் கையில் வைத்திருந்த அப்பாவும் சேர்ந்து கேட்டார். எந்த சர்க்காரும் இதற்கு விழா எடுக்கவில்லை. அக்காவுக்கு ஆன செலவு கார்டு காசுதான்.

பள்ளி திறந்த பிறகுதான் நிஜமான சண்டை வந்தது. அரசு கொடுத்த ஹைடெக் லேப் அந்தப் பள்ளியிலும் உண்டு. பத்து கம்ப்யூட்டர். அக்கா அங்கே பாடம் நடத்தப் போனபோது கவனித்தது இதுதான். காலையில் அந்த அறையைக் கூட்டுவது காலனிப் பிள்ளைகள். நாற்காலியைத் துடைப்பதும் அவர்களே. வகுப்பு தொடங்கினால் மவுஸ் ஊர்த்தெருப் பையன்கள் கையில் இருக்கும். "லீடருங்க பாத்துக்குவாங்க" என்பது ஏற்பாடு. நம் பிள்ளைகள் பின்னால் நின்று தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது.

அக்கா ஒரு தாளை எடுத்தார். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பேர் எழுதினார். ஒருத்தருக்கு ஏழு நிமிஷம். கூட்டுவதற்கும் அதே வரிசை. மேலே 'முறை' என்று தலைப்புப் போட்டுச் சுவரில் ஒட்டினார். ஊரில் ஏரித்தண்ணிக்கு முறை வைப்பார்கள். நிலமில்லாத நமக்கு அந்த முறையில் பேர் வந்ததே இல்லை. நம் பிள்ளைகள் பேர் இருந்த முதல் முறை அந்தச் சுவரில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

ரெண்டாம் நாளே ஊரிலிருந்து நாலு பேர் தலைமையாசிரியரிடம் வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரைத் தொட்டதற்காக வரவில்லையாம். "எங்க புள்ளைங்கள வெளக்கமாறு புடிக்க வெக்கிறாங்க" என்பதுதான் புகார். தலைமையாசிரியர் அக்காவைக் கூப்பிட்டு, "எதுக்கும்மா வீண் வம்பு? பழையபடியே விட்டுடுங்க" என்றார். அக்கா ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தார். "பட்டியல் சாதிப் பிள்ளைங்கதான் கூட்டணும், அவங்க மவுஸத் தொடக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். அப்படியே செய்யறேன்."

அவர் எழுதவில்லை. எழுத முடியாது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955லிருந்தும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989லிருந்தும் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். அதனால் எழுதாமலே ஒன்று செய்தார். லேப் சாவி காணாமல் போய்விட்டது. பதினெட்டு நாள்.

அந்தப் பதினெட்டு நாளில் ஒரு நாள் நடந்த பாடத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம் ஒரு தாய் கணக்குத் தொடங்க எங்கள் கிளைக்கு வந்திருந்தார். ஆதார் ரேகை மெஷினில் பெருவிரலை வைத்தார். பொருந்தவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். பொருந்தவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. சிமெண்டுக் கலவை அள்ளுகிற கை. பக்கத்தில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு வழியில் படிவம் எழுதி நான் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு என்னிடம் படிவம் இல்லை.

அக்கா இதை வகுப்புக்குக் கொண்டுபோனார். லேப் பூட்டியிருக்கிறது. மரத்தடியில் தன் செல்போனைத் திரை மேலே பார்க்க வைத்தார். முன்பக்கக் கேமராவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு லென்ஸாகிவிடும். அதற்கு மேல் விரலைப் பிடித்தால் ரேகை உழவுசால் மாதிரி திரையில் தெரிகிறது. முதலில் பிள்ளைகள் தங்கள் விரலைப் பார்த்தார்கள். அடுத்த நாள் சாயங்காலம் காலனிக்கே போய் அம்மாக்களின் விரலைப் பார்த்தார்கள். சால் இல்லை. அங்கங்கே அழிந்து கிடந்தது. ஏன்? சிமெண்டில் காரம் இருக்கிறது. காரம் தோலின் மேலடுக்கை அரிக்கும். செங்கல்லும் மணலும் உரசும். ரேகைக்கு மூலம் அடியிலுள்ள அடுக்கில் இருப்பதால் கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் ரேகை திரும்ப வரும். தோலின் அமைப்பு, காரம், உராய்வு என்று மூணு பாடம் ஒரு விரலில் முடிந்தது.

பேங்குக்கு வந்து தலைகுனிந்த அதே பிள்ளை கேட்டாளாம், "அப்ப தப்பு எங்கம்மா கையிலயா மெஷின்லயா டீச்சர்?"

"மெஷினுக்குச் சாதி தெரியாது" என்கிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். மெஷினுக்குச் சாதி தெரியாது என்பது வாஸ்தவம்தான். தெரிய வேண்டியதும் இல்லை. யார் கை சிமெண்டில் வேக வேண்டும், யார் கை வழவழப்பாக இருக்க வேண்டும் என்று சாதி ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. மெஷின் தேய்ந்த கையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. சாதியின் வேலையைச் சாதி தெரியாமலே செய்துகொடுக்கிற ஏற்பாடு இது. இதை ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த மெஷினைப் போன்ற இன்னொரு மெஷினை வைத்தே புரியவைக்க முடியும் என்றுதான் அக்கா காட்டினார்.

இங்கே நம் தோழர்களோடும் எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. ஒரு கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு தோழர் எழுந்து, "இதெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம், நம்ம புள்ளைங்களுக்குப் பறை கத்துக்குடுங்க போதும்" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. பறை நம் பிள்ளைகள் கட்டாயம் கற்க வேண்டியதுதான். ஆனால் 'போதும்' என்கிற அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது? நமக்கு எது போதும் என்று நெடுங்காலமாக மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது நாமே சொல்லிக்கொள்ளப் போகிறோமா? அந்தத் தோழரின் மகன் படிக்கும் பள்ளியில் கம்ப்யூட்டர் உண்டு.

இரட்டைமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அம்பேத்கர் 1920ல் 'மூக்நாயக்' தொடங்கினார். அச்சு யந்திரம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாமான் என்று அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. அதில் லாபம் பார்த்தவன் எவன் என்பது அவர்களுக்குத் தெரியாததும் அல்ல. எழுத்தைத் தொடக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் எழுத்துக் கோக்கிற யந்திரத்தையே தொட்டார்கள். இந்தச் சிறுபத்திரிகையை நாம் கையில் வைத்திருப்பது அந்தத் துணிச்சலால்தான். கம்பெனிக்காரனின் வியாபாரத்தை எதிர்ப்போம். அதற்காக மவுஸை ஊர்த்தெருவுக்கு எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

சர்க்காருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 2011ல் இலவச மடிக்கணினித் திட்டம் வந்தது. பிளஸ் டூ வரை வந்துசேர்ந்த நம் பிள்ளைகள் பலர் வீட்டில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் பத்தாவதிலேயே நின்றுபோனவர்கள் கைக்கு அது வரவில்லை. 2018ல் வந்த புதுப் பாடப்புத்தகங்களில் கட்டம்கட்டமாக கியூஆர் கோடு அச்சடித்தார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைக்கு அது வெறும் கோலம். ஆசிரியருக்கோ வருகைப் பதிவிலிருந்து எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றுகிற வேலை. "டெக்னாலஜி வந்த பெறகு நான் புள்ளைங்க முகத்தப் பாக்கறத விட போன் முகத்தப் பாக்கறதுதான் ஜாஸ்தி தம்பி" என்பார் அக்கா. சாமான் எத்தனை கொடுத்தோம் என்ற கணக்கு சர்க்காரிடம் இருக்கிறது. அதைத் தொட்ட கை எத்தனை, யாருடைய கை என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை.

அந்தக் கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும். இதைப் படிக்கிற மாணவத் தோழர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு நடை போய்வாருங்கள். மூணே மூணு கேள்வி கேளுங்கள். லேப் சாவி யாரிடம் இருக்கிறது? அறையைக் கூட்டுவது யார்? மவுஸ் யார் கையில்? பதிலை வாத்தியார்களிடம் கேட்காதீர்கள், பிள்ளைகளிடம் கேளுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். பதில் தப்பாக இருந்தால் அக்கா செய்த மாதிரி ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். தீண்டாமைக்குப் பேசத் தெரியும், சாவியை ஒளிக்கத் தெரியும். கையெழுத்துப் போடச் சொன்னால்தான் அதற்கு நடுக்கம் வரும்.

பதினெட்டாம் நாள் சாவி கிடைத்துவிட்டது. மேலதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்ற தகவலும் அன்றைக்குத்தான் வந்தது. மறுபடி 'முறை' நடந்தது. அந்த வருஷம் முழுக்க நடந்தது. நம் பிள்ளைகளும் ஊர்த்தெருப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். விளக்குமாறு பிடித்த ஊர்த்தெருப் பையன் ஒருவன், "முன்னாடியே சொல்லியிருந்தா செஞ்சிருப்பமே டீச்சர்" என்றானாம். பெரியவர்களுக்குத்தான் அது செரிக்கவில்லை.

அடுத்த வருஷம் அக்காவுக்கு மாற்றுப்பணி வந்தது. முப்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு பள்ளி. நிர்வாகக் காரணம் என்று எழுதியிருந்தது. போன வாரம் அந்தப் பிள்ளை பாஸ்புக் வரவு வைக்க வந்தாள். பத்தாவது வந்துவிட்டாள். லேப் நடக்கிறதா என்று கேட்டேன்.

"நடக்குது சார். ஆனா அந்தத் தாளக் கிழிச்சிட்டாங்க."

"யாரு கூட்டறீங்க?"

அவள் பதில் சொல்லவில்லை.

டீச்சர் ஒருத்தர் தனியாக நின்று ஒட்டிய தாள் அது. ஒருத்தரை மாற்றினால் கிழித்துவிடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் ஒட்டியபோது நாம் எங்கே இருந்தோம்? நான் பத்து கிலோமீட்டர் தூரத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பாராட்டினேன், டீ வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான். வர்ற திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். இன்னும் ரெண்டு தோழர்கள் வருகிறார்கள். வருகைப் பதிவேட்டு வரிசை அந்தப் பிள்ளைக்கு மனப்பாடமாம், அவளே எழுதித் தருகிறேன் என்றாள். பசையும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துப் போகிறோம்.