வக்கீல் நோட்டீஸ் வந்தால் புகாரை வாபஸ் வாங்க வேண்டுமா?

நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை. ஐம்பது பேர் பார்க்க ஒரு பெண்ணைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறார் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர். அந்தப் பெண் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறார். மனு ரசீது தருகிறார்கள், எஃப்.ஐ.ஆர். போடவில்லை. சில வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு கவர் வருகிறது. 'எமது கட்சிக்காரரின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்திவிட்டீர். 15 நாட்களுக்குள் மன்னிப்புக் கேட்டுப் புகாரைத் திரும்பப் பெறாவிட்டால் 5 லட்சம் ரூபாய் மான நஷ்டம் கேட்டு வழக்குத் தொடரப்படும்.'

அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நான்கு பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள். "கோர்ட்டு கேஸுன்னு உன்னால அலைய முடியுமா? ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டுப் போயேம்மா."

ஊர்ப் பெயரை மாற்றினால் நம் காலனிகள் பலவற்றுக்கும் பொருந்தும் கதை இது. முன்பு வேலையை நிறுத்தினார்கள், பாதையை அடைத்தார்கள். அதெல்லாம் இன்னும் ஓயவில்லை. இப்போது கூடுதலாக வக்கீல் நோட்டீஸும் சேர்ந்திருக்கிறது. இதற்குப் பயந்து உண்மையான புகாரைத் திரும்பப் பெறக் கூடாது, பதில் சொல்ல நமக்கும் ஒரு வக்கீல் வேண்டும், அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்பதே நாம் இன்று சொல்ல வருவது.

நோட்டீஸ் தீர்ப்பல்ல

வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு வக்கீல் தம் கட்சிக்காரருக்காக எழுதும் கடிதம். அது கோர்ட் உத்தரவு அல்ல. 5 லட்சம் என்று எழுதிவிட்டதாலேயே நாம் 5 லட்சம் கடன்பட்டுவிட மாட்டோம். அந்தத் தொகையைக் கேட்டு சிவில் வழக்குப் போட்டால், தொகைக்கு ஏற்ற நீதிமன்றக் கட்டணத்தை அவர்தான் கட்ட வேண்டும். அவதூறு நடந்து ஓராண்டுக்குள் போடவும் வேண்டும்.

கிரிமினல் அவதூறு வழக்கும் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 ஆக இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவாக உள்ளன. அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு வெறுங்காவல். ஆனால், இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 223ஆம் பிரிவின்படி, அந்தப் புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே நம் தரப்பைக் கேட்டாக வேண்டும். நல்ல வக்கீல் ஒருவர் இருந்தால், அந்த முதல் படியிலேயே வழக்கைத் தடுக்கப் போராடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவதூறுச் சட்டத்திலேயே விதிவிலக்குகள் உள்ளன. சட்டப்படி அதிகாரம் உள்ள ஒருவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது. காவல் நிலையம், மாவட்டக் கண்காணிப்பாளர், ஆட்சியர் ஆகியோரிடம் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தவருக்கு இதுவே கவசம். அதற்காகவே நடந்ததைக் கூட்டிச் சொல்லக் கூடாது. கூட்டிச் சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்தப் புகாரையும் பொய்யாக்கிவிடுவார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீது பொய்யாகவோ, கெட்ட எண்ணத்துடனோ, அலைக்கழிக்கவோ வழக்குப் போடுவதே 3(1)(p) பிரிவின்படி வன்கொடுமைக் குற்றம். நோட்டீஸுக்கு எழுதும் பதிலில் இந்த ஒரு வரி இருந்தால், எதிர்த்தரப்பு கோர்ட்டுக்குப் போகும் முன் யோசிக்கும்.

சாதி வசவு வெறும் மான நஷ்டமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள் என்று போனால், "வேணும்னா கோர்ட்ல மான நஷ்ட கேஸ் போட்டுக்கோ" என்று திருப்பி அனுப்பும் காவல் அதிகாரிகள் உண்டு. இதை நாம் ஏற்கக் கூடாது. மான நஷ்ட வழக்கில் வக்கீலும் சாட்சியும் செலவும் நம் தலையில். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரால் திட்டுவதோ, அவமானப்படுத்தும் நோக்கத்துடன் இழிவுபடுத்துவதோ 3(1)(s), 3(1)(r) பிரிவுகளின்படி குற்றம். அங்கே டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும், அரசு சிறப்பு வழக்கறிஞர் வாதாட வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது.

2020இல் உத்தராகண்ட் வழக்கு ஒன்றில், நான்கு சுவருக்குள், வெளியாட்கள் யாரும் இல்லாத இடத்தில் பேசியது இந்தப் பிரிவில் வராது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே எந்த இடம், எத்தனை மணி, யார் யார் கேட்டார்கள், என்ன சொல் என்பதெல்லாம் முதல் புகாரிலேயே இருக்க வேண்டும். புகார் கொடுத்த பிறகு வக்கீலைத் தேடுவதைவிட, முடிந்தால் அவரிடம் காட்டிவிட்டுக் கொடுப்பது நல்லது.

வக்கீல் வைக்கும்போது

'காசுக்கு எங்கே போவது?' என்ற கேள்விக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடியினர் அனைவருக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா கோர்ட்டில் வட்டக் குழு இருக்கிறது. வெள்ளைத் தாளில் மனு எழுதி, சாதிச் சான்றிதழ் நகலையும் நோட்டீஸ் நகலையும் இணைத்தால் போதும். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற பேச்சு நமக்கும் தெரியும். சில இடங்களில் அது உண்மையும்கூட. அதற்காக ஒதுங்கிப் போனால் நஷ்டம் நமக்கே. வழக்கைக் கவனிக்காவிட்டாலோ, பணம் கேட்டாலோ ஆணைக்குழுவின் செயலரிடம் எழுத்தில் சொல்லி வேறு வக்கீல் கேட்கலாம். வன்கொடுமை வழக்கில் இன்னொரு வழியும் உண்டு. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், மூத்த வழக்கறிஞர் ஒருவரை அமர்த்த ஆட்சியருக்கு 1995ஆம் ஆண்டு விதிகளின் 4(5) இடம் தருகிறது. இதைக் கேட்டு மனுக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு.

சொந்தமாக வக்கீல் வைப்பவர்கள் சிலவற்றைப் பார்க்க வேண்டும். சின்ன ஊர்களில் ஒரே வக்கீலிடம்தான் எல்லாரும் போவார்கள். 'எதிர்த்தரப்புக்கு நீங்கள் வேறு வழக்கு நடத்துகிறீர்களா?' என்று முதலிலேயே கேட்பதில் தவறில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. அசல் ஆவணங்களைத் தராமல் நகலைத் தர வேண்டும். கொடுத்த பணத்துக்கு ரசீதும், வழக்கு எண்ணும் வாங்கிவைக்க வேண்டும். அரசு தரும் நிவாரணத் தொகையில் பங்கு கேட்பவரிடம் போகவே வேண்டாம். வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன.

கவரை வாங்காமல் திருப்பி அனுப்புவதும் உதவாது. வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். சிவில் வழக்கில் சம்மன் வந்த 30 நாட்களுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை போகலாம். போகாமலே இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அதிகாரியிடம் கொடுத்த புகாருக்கு இருக்கும் பாதுகாப்பு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அப்படியே கிடைக்காது. கோபத்தில் ஒருவரின் படத்தைப் போட்டு 'குற்றவாளி' என்று எழுதுவது, எதிர்த்தரப்பு தேடிக்கொண்டிருக்கும் ஆதாரத்தை நாமே எடுத்துக் கொடுப்பதாகும். அந்தப் போனில் சம்பவத்தின் வீடியோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அம்மாவுக்கு வந்த நோட்டீஸை வரி வரியாகப் படித்துச் சொல்லுங்கள். சட்டப் பணிக் குழுவுக்கான மனுவை நீங்களே எழுதுங்கள்.

1926இல் புனேயில், மராத்தி நூல் ஒன்றுக்காக ஜேதே, ஜவல்கர் உள்ளிட்ட பிராமணரல்லாத தலைவர்கள் மீது அவதூறு வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடி வென்ற வக்கீல் அண்ணல் அம்பேத்கர். அவதூறு வழக்கைக் காட்டி வாயடைக்கப் பார்ப்பது அன்றே இருந்தது. அதைச் சட்டத்தாலேயே எதிர்கொண்டு காட்டியவர் அவர்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. இலவச வக்கீல் பற்றிய ஒரு பலகை ஒவ்வொரு காலனியின் ரேஷன் கடையிலும், ஆதிதிராவிடர் நல விடுதியிலும், காவல் நிலைய வாசலிலும் இருக்க வேண்டும். வன்கொடுமைப் புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் வந்தால், விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் அதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும்.

அந்த ஏரிக்கரைப் பெண் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நாளைக் காலை அவருடன் தாலுகா கோர்ட் வரைக்கும் பஸ்ஸில் போய்வர நம்மில் ஒருவர் வேண்டும்.