நட்பு, காதலுக்கு முன்னுரையா?

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே உள்ளது வடக்கனந்தல். அங்கிருந்து காலையில் கள்ளக்குறிச்சி செல்லும் பேருந்தில், கல்லூரி மாணவியர் சிலர் கைப்பேசியில் தொடர்கதை படித்துக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். ஒரு தலைமுறைக்கு முன்பு அவர்களின் தாய்மார்கள் 'ராணிமுத்து', 'மாலைமதி' போன்ற மாத நாவல்களைப் படித்தார்கள். தாள் திரையானபோது கதையும் சற்று மாறியிருக்கிறது. அன்று, செல்வமும் முன்கோபமும் மிக்க நாயகனை எளிய குடும்பத்துப் பெண் பொறுமையால் வெல்வாள். இன்று, உடன் படித்த தோழனே ஒருநாள் காதலனாகிறான்.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். மறுத்த பெண்ணைத் துரத்துவதையே காதல் என்று நம் திரைப்படங்கள் பல ஆண்டுகளாகக் கற்பித்தன. அதற்கு மாறாக, தோழமையில் முளைக்கும் காதலில் துரத்தல் இல்லை, அறிதல் இருக்கிறது. ஒருவரின் கோபத்தையும் குடும்பக் கடனையும் மற்றவர் முன்பே அறிவார். பெண் பார்க்கும் சடங்கின் அரை மணி நேரத்தில் வாழ்க்கை முடிவாகிற ஊர்களில், இப்படியொரு கதை ஈர்ப்பதில் வியப்பில்லை.

ஆயினும் இதில் ஒரு பள்ளம் உண்டு. திருவள்ளுவர் நட்பைப் பொருட்பாலில் வைத்தார். காதலைக் காமத்துப்பாலில் வைத்தார். நட்பு தன்னளவில் முழுமையான உறவு என்பதற்கு அந்தப் பகுப்பே சான்று. நம் மென்காதல் கதைகளோ அதனைக் காதலுக்கு ஏறும் படிக்கட்டாக்கி விடுகின்றன.

1990-இல் வெளியான விக்ரமனின் 'புது வசந்தம்' எதிர்த்திசையில் நின்றது. நான்கு இளைஞர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பெண், சந்தேகப்பட்ட காதலனை விலக்கி நட்பைத் தேர்ந்தாள். 2022-இல் வந்த 'திருச்சிற்றம்பலம்' படத்திலோ, வேறு இரு பெண்களிடம் மனத்தைப் பறிகொடுத்த பிறகே நாயகன் தன் தோழியைக் காண்கிறான். அவள் அன்பு அழகானது. ஆனால் அவளுடைய காத்திருப்பை யார் கணக்கிட்டார்கள்? 2020-இன் 'ஓ மை கடவுளே' இன்னொரு கேள்வியை எழுப்பியது. தோழி கேட்டாள் என்பதற்காகவே திருமணத்துக்கு இசைந்தவன், அவளை மனைவியாக ஏற்க முடியாமல் தவிக்கிறான். பழக்கமும் இசைவும் ஒன்றல்ல என்பதை அதன் முற்பாதி நேர்மையாகச் சொன்னது.

இவை கதைகள்தாமே என்று ஒதுக்க இயலாது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாணவி உடன் படிப்பவனோடு பேசினால், "இது எங்கே போய் முடியும் என்று எங்களுக்குத் தெரியாதா?" என்கிறது ஊர். நட்பெல்லாம் காதலில்தான் முடியும் என்கிற கதையும் அதே ஐயத்தைத்தான் இனிப்பு தடவிச் சொல்கிறது. அந்த ஐயத்துக்கு விலையாகப் போவது அவளுடைய படிப்பு. மறுபுறம், தோழி மறுத்தால், 'அவள் இன்னும் தன் மனத்தை உணரவில்லை' என்று இளைஞன் காத்திருக்கவும் நச்சரிக்கவும் அதே கதை இடம் தருகிறது.

பல கதைகள் பேசாமல் விடும் மற்றொன்று சாதி. வகுப்பறையில் தடையின்றி வளரும் தோழமை, காதலென்று அறியப்பட்டவுடன் உயிருக்கே ஆபத்தாகும் நாடு இது. ஆணவக் கொலைகளைத் தடுக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. 2025 அக்டோபரில், தனிச் சட்டத்துக்குப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். கதைகளில் இருவருக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் கூச்சமே. வாழ்க்கையில் நிற்பது அதுவன்று.

காதல் கதை எழுத வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. எழுத்தாளர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: பத்துக் கதைகளில் ஒன்றிலாவது தோழி 'இல்லை' என்று சொல்லட்டும், மறுநாளும் அவர்கள் நண்பர்களாகவே ஒரே பேருந்தில் ஏறட்டும். அந்தக் கதையைப் படித்த பெண்ணுக்கும் ஆணுக்கும், பயமின்றிப் பழகுவதற்கு ஓரிடம் கிடைக்கும். காதலாக மலர்ந்தால் மகிழ்ச்சி. மலராவிட்டாலும் நட்பு தோல்வியன்று.