நமீபியாவைக் காணோம்

பைத்தானுக்குள்ளிருந்து ஆர் மொழியைக் கூப்பிடுவது இன்று பெரிய வித்தையில்லை. ஆர்பை2 நூலகத்தை நிறுவிவிட்டால் நாலைந்து வரியில் வேலை முடிந்தது. 'பைத்தானிலேயே எல்லாம் இருக்க, ஆர் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. புள்ளியியல்காரர்கள் புதிய முறை ஒன்றைக் கண்டால் பெரும்பாலும் ஆரில்தான் முதலில் எழுதிவைக்கிறார்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய மொழி அது. 2000 பிப்ரவரி 29 அன்று, ஒரு லீப் நாளில், அதன் 1.0.0 பதிப்பு வெளிவந்தது. எல்எம்இ4 என்ற ஒரு பொதிக்காக மட்டுமே அதன் வாசலுக்கு வரும் பைத்தான்காரர்கள் இருக்கிறார்கள்.

கூப்பிடுவது சுலபம், கொடுக்கல் வாங்கலில்தான் வம்பு. கணக்கெடுப்பில் ஒருவர் வயதைச் சொல்லவில்லை என்றால் ஆர் அங்கே 'என்ஏ' என்று குறிக்கும். முழு எண்களில் அதற்கென்று ஒதுக்கிய எண் -2147483648. ஆருக்குள் இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. மாற்றும் விதிகளைக் கவனிக்காமல் பைத்தானின் நம்பை அணியாக அப்படியே எடுத்தால், அந்த மனிதருக்கு வயது மைனஸ் 214 கோடி சொச்சம். தசம எண்களில் வேறு ஏற்பாடு: 'எண்ணல்ல' என்ற குறியின் கடைசி பிட்களில் 1954ஐ ஒளித்துவைத்திருப்பார்கள். பைத்தான் அதைப் பார்க்காது. விடுபட்ட விடையும் ஆரில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்த விடையும் அதற்கு ஒன்றே.

மைனஸ் 214 கோடியாவது சராசரி எடுத்ததும் காட்டிக்கொடுத்துவிடும். வகைப் பத்திகள் வாய் திறக்காது. 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்ற விடைகளை ஆர், நாம் வரிசை சொல்லாவிட்டால், அகரவரிசையில் எண்ணாக்கும்: அதிகம் 1, குறைவு 2, நடுத்தரம் 3. பெயர்கள் உதிர்ந்து எண்கள் மட்டும் பைத்தானுக்கு வந்தால், மேலே இருக்கவேண்டியது அடியில் கிடக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆரில் எண்ணுவது 1இலிருந்து, பைத்தானில் 0இலிருந்து என்பதெல்லாம் இதற்கு முன் சில்லறை.

'வம்பே வேண்டாம், சிஎஸ்வி கோப்பாகக் கொடுத்துவிடலாம்' என்பார்கள். அங்கேயும் வம்பு உண்டு: நமீபியாவின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடும் 'என்ஏ'தான். ஆரின் வழக்கமான சிஎஸ்வி வாசிப்பும் சரி, பைத்தானின் பாண்டாஸ் நூலகமும் சரி, நாம் தடுக்காவிட்டால் ஒரு நாட்டையே விடுபட்ட விடையாக்கிவிடும்.

ஆனாலும் கோப்பு வழிதான் என் கட்சி. ஆர்பை2, ஆரைப் பைத்தானின் செயல்முறைக்குள்ளேயே ஏற்றுகிறது. ஆர் விழுந்தால் பைத்தானும் சேர்ந்து விழும். பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஆரைத் தொடவும் கூடாது. நொடிக்கு நொடி கூப்பிடுகிற தேவை இல்லையென்றால் ஆர்ஸ்கிரிப்ட் கட்டளையைத் தனியாக ஓட்டி, ஃபெதர் கோப்பில் தரவைப் பரிமாறுங்கள். வெஸ் மெக்கின்னியும் ஹாட்லி விக்கமும் 2016இல் இந்த இரு மொழிகளுக்காகவே கொண்டுவந்தது அது. விடுபட்டவை எவை என்பதைத் தனியாகக் குறித்துவைக்கும், வகைகளின் பெயர்களையும் விடாது.

எந்த வழியில் போனாலும், விடுபட்ட விடைகள் எத்தனை என்று இரண்டு மொழியிலும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராத வரை முடிவை யாருக்கும் அனுப்பாதீர்கள்.